‘என்.டி.’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த மேடையில் மற்றவர்களைப் பேச விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பதுதான் என் வேலை. இன்று நானே பேச வந்திருக்கிறேன். திரையில் நான் சொன்ன ஒரு வாக்கியம் தவறு. தவறை எந்த மேடையில் சொன்னோமோ அந்த மேடையிலேயே திருத்துவதுதான் முறை.

மலாக்கா, ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக்குப் படப்பிடிப்புக்காகப் போயிருந்தோம். அங்கே ஓர் அக்கா வீட்டுக்குப் பின்னால் கெலுலுட் வளர்க்கிறார். கொட்டாத சிறு தேனீயைத்தான் நாம் கெலுலுட் என்கிறோம். மரத்துண்டின் மேல் ஒரு பலகைப் பெட்டி. அதற்குள் பிசினும் மெழுகும் கலந்து தேனீக்கள் கட்டிய சின்னச் சின்னக் குடங்கள். அதிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிற புளிப்புத் தேன். வாரச் சந்தையிலும், தெரிந்தவர்கள் மூலமாகவும் விற்கிறார். பிள்ளைகளின் பள்ளிச் செலவு அந்தப் போத்தல்களில்தான் ஓடுகிறது.

“தம்பி, நம்ம தேன்ல ஒரு குறையும் கிடையாது. லேப்புக்கே அனுப்பிட்டேன்” என்று சொல்லி ஒரு தாளைக் கொண்டு வந்து காட்டினார். ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘என்.டி.’ என்று அச்சிட்டிருந்தது. நான் அதைக் கேமராவுக்கு முன் தூக்கிப் பிடித்து, “பார்த்தீர்களா நேயர்களே, இந்தத் தேனில் ஈயம் துளியும் இல்லை என்று ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது!” என்றேன்.

நிகழ்ச்சி ஒளியேறிய மறுவாரம் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோபப்படவில்லை. “தம்பி, அந்தத் தாளின் கடைசி வரியைப் படித்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். சின்ன எழுத்தில் இருந்தது: கண்டறியும் வரம்பு, 1 கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

‘என்.டி.’ என்பதற்கு ‘கண்டறியப்படவில்லை’ என்று பொருள். ‘இல்லை’ என்று பொருள் கிடையாது. தராசு வைத்திருக்கும் ஒரு கடைக்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். காய்கறி நிறுக்கிற தராசில் ஒரு குண்டுமணித் தங்கத்தை வைத்தால் முள் அசையாது. தங்கம் இல்லாததால் அசையவில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தத் தராசுக்கு அவ்வளவு சிறிய எடை தெரியாது, அவ்வளவுதான்.

அந்த ஆய்வுக்கூடத்தின் தராசுக்கு 1 கிலோ தேனில் 1 மில்லிகிராமுக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஜனவரி முதல் தேனுக்கு வைத்திருக்கும் ஈய வரம்பு என்ன தெரியுமா? 1 கிலோவுக்கு 0.10 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு. அதாவது, ஐரோப்பாவில் விற்கவே முடியாத ஒரு தேன், இங்கே ‘என்.டி.’ என்ற நற்சான்றோடு மேசைக்கு வரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டித் தேன் சுமார் 7 கிராம். கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் ஈயம் உள்ள தேன் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஆய்வுக்கூடம் அதையும் ‘என்.டி.’ என்றுதான் எழுதும். ஒரு தேக்கரண்டியில் 6.3 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு குழந்தைக்கு உணவு வழியாக நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் ஈயத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. ஒரே கரண்டியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஐரோப்பிய வரம்பில் நிற்கும் தேன் என்றால் அதே கரண்டியில் 0.7 மைக்ரோகிராம்தான்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, முன்பு ஈயத்துக்கு ஒரு வார வரம்பு வைத்திருந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 2010ஆம் ஆண்டில் அதே குழு அந்த வரம்பைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்பதுதான் காரணம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் ஈயம் முதலில் தொடுகிறது. தேனை நாம் யாருக்கு அதிகம் கொடுக்கிறோம்? இருமல் வந்த பிள்ளைக்கு. மருந்தைக் குழைத்துக் கொடுக்கும்போது பிள்ளைக்கு.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. ஈயக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், ஒரு வயது நிறையும் வரை குழந்தைக்குத் தேனே கூடாது. சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கலாம். பாட்டி கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை.

தேனுக்குள் உலோகம் எப்படி வருகிறது?

மலாக்காவில் இருக்கும் நமக்கு இது ஒட்டாத விஷயமில்லை. மலாயாவில் வாணிப முறையில் ரப்பர் பயிரிட்ட முன்னோடி டான் சாய் யான், 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் கன்று நட்டார். அந்த ரப்பர் மரமே தேனீக்கு உணவு தரும் மரம். இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகள் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும் பருவத்தில் அதில் இனிப்பு நீர் ஊறும். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்றது என்றால், அதற்கு அங்குள்ள ரப்பர் காடுகளே முக்கியக் காரணம்.

அதே தோட்டங்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1960களில் பாரகுவாட் வருவதற்கு முன், தோட்டங்களில் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்செனைட் தெளித்தார்கள். மறுநடவுக்காக முதிர்ந்த மரங்களைச் சாகடிக்கவும் அது பயன்பட்டது. மருந்தடித்த நம் தாத்தாக்களும் பாட்டிகளும் அதன் கொடுமையை அறிந்தவர்கள். பாரகுவாட்டுக்கும் நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை வந்துவிட்டது. ஆனால் ஆர்செனிக் என்பது ஒரு தனிமம். அது மக்கி மறைந்து போகும் பொருளன்று. இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக, தொழிற்பேட்டைகளாக மாறிவிட்டன. நெடுஞ்சாலை ஆயர் குரோவைத் தொட்டுக்கொண்டு போகிறது. பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் பக்கம் தொழிற்சாலைகள். தேனீ எங்கே பறக்கிறதோ, அந்த இடத்துத் தூசியும் நீரும் அதோடு கூடவே வரும்.

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். மண்ணில் இருப்பதெல்லாம் தேனுக்கு வந்து சேர்வதில்லை. ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படுவது இதுதான்: தேனீயின் உடலிலும், மகரந்தத்திலும், பிசினிலும் தங்கும் உலோகத்தைவிடத் தேனில் குறைவாகவே இருக்கும். பெரும்பாலான தேன் பெரும்பாலான இடங்களில் நல்ல தேன்தான்.

பல நேரங்களில் கூட்டைவிடப் பாத்திரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தேன் இனிக்கிறதே தவிர, அது அமிலத் தன்மையுள்ள பொருள். கெலுலுட் தேன் அதைவிடப் புளிப்பு. துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளி, பழைய பிஸ்கட் டின், ஈயப்பற்று வைத்து ஒட்டிய பாத்திரம், பித்தளைச் செம்பு ஆகியவற்றில் தேனை மாதக்கணக்கில் வைத்திருந்தால், அமிலம் மெல்ல மெல்ல உலோகத்தைக் கரைத்து எடுக்கும். காட்டில் இல்லாத உலோகம் சமையலறையில் சேர்ந்துவிடும்.

பாரிஸ் நகரத்துப் பாடம்

வரம்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு வெளியூர்ச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 15ஆம் தேதி பாரிசில் நோத்ர தாம் தேவாலயம் தீப்பற்றி எரிந்ததை நாமெல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கூரையிலும் கோபுரத்திலும் நூற்றுக்கணக்கான டன் ஈயம் இருந்தது. புகை காற்றோடு மேற்கே போனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட் ஸ்மித், டொமினிக் வைஸ் ஆகியோரின் குழு, அதே ஆண்டு ஜூலையில் பாரிஸ் தேன்கூடுகளிலிருந்து எடுத்த 36 மாதிரிகளை அளந்து 2020இல் முடிவை வெளியிட்டது.

தீக்கு முந்திய பாரிஸ் தேனில் கிலோவுக்கு 0.009 மில்லிகிராம் ஈயம். தீக்குப் பின், புகை போன வழியில், ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு கூட்டின் தேனில் 0.08 மில்லிகிராம். ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அப்படியும் அது ஐரோப்பிய வரம்பான 0.10க்குள்தான் இருந்தது, மக்கள் சாப்பிடலாம். இருந்தாலும் ஒரு பெருந்தீயின் சுவடு தேனில் எழுதப்பட்டிருந்தது.

இப்போது நம் அக்காவின் தாளை எடுத்துக் கொள்ளுங்கள். அதே ஆய்வுக்கூடத்துக்கு அந்த 36 மாதிரிகளையும் அனுப்பியிருந்தால் பதில் என்ன வந்திருக்கும்? 36க்கும் ‘என்.டி.’தான். ஒரு நகரத்தின் மேல் ஈயப் புகை படர்ந்ததே அந்தத் தராசுக்குத் தெரிந்திருக்காது.

எப்படி அளக்கிறார்கள்?

அந்தப் பெரியவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தேனை நன்றாகக் கலக்கி, அதில் அரை கிராம் எடுப்பார்கள். சர்க்கரையை அப்படியே இயந்திரத்தில் விட்டால் கரியாகி அடைத்துக் கொள்ளும். அதனால் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, மூடிய டெஃப்லான் குப்பியில் மைக்ரோவேவ் கொண்டு சூடாக்குவார்கள். சர்க்கரை அழிந்து தெளிந்த நீர் மிஞ்சும். அதைத் தூய நீரால் 50 மில்லிலிட்டராக்கினால், தேன் நூறு மடங்கு நீர்த்துப் போகிறது. அப்படியென்றால், கிலோவுக்கு 0.10 மில்லிகிராம் ஈயம் என்பது, இயந்திரத்துக்குள் போகும்போது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான். அதைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும்.

சாதாரணத் தீச்சுடர் முறைக் கருவிக்கு இரும்பும் துத்தநாகமும் நன்றாகத் தெரியும்; இவ்வளவு குறைந்த ஈயம் தெரியாது. கிராஃபைட் உலை வைத்த கருவிக்குத் தெரியும். இன்று பெரிய ஆய்வுக்கூடங்களில் இருப்பது ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவி. ஆர்கன் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிட அதிகமாகச் சூடாக்கி, அதில் அந்த நீரைத் தூவி, வரும் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. ஈயத்துக்கு 206, 207, 208 என்ற எடைகள். ஆர்செனிக்குக்கு 75. இதிலும் ஒரு சிக்கல்: ஆர்கனும் குளோரினும் ஒட்டிக்கொண்டால் அதற்கும் எடை 75தான். அனுபவமில்லாத கை அதை ஆர்செனிக் என்று எழுதிவிடலாம்.

அதனால்தான் இரண்டு சோதனைகளைக் கூடவே செய்கிறார்கள். தேன் போடாமல், அமிலத்தை மட்டும் வைத்து எல்லாப் படிகளையும் செய்து பார்ப்பது ஒன்று. அமிலத்திலும் குப்பியிலும் அறைத் தூசியிலும் உள்ள ஈயம் எவ்வளவு என்று அது காட்டும். அந்த வெறும் சோதனையைப் பல முறை செய்து, எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்து, அந்த ஆட்டத்தின் மூன்று மடங்கைக் கண்டறியும் வரம்பாக வைப்பது வழக்கம். இன்னொன்று, தெரிந்த அளவு ஈயத்தைத் தேனில் கலந்து, அது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. போட்டது பத்து, வந்தது ஐந்து என்றால் பாதி எங்கோ தொலைந்திருக்கிறது. அந்த அறிக்கையை நம்ப முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் ஊற்றிப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது என்று நம் வீடுகளில் பல சோதனைகள் இருக்கின்றன. இவற்றில் எதுவுமே ஈயத்தைக் காட்டாது. ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை. தேனில் அதன் சுவையும் தெரியாது.

அக்கா கேட்ட கேள்வி

இவ்வளவையும் தெரிந்துகொண்டு நான் மறுபடி ஜாசினுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. “அப்ப நான் தேன் விக்கலாமா, விக்கக் கூடாதா? அதச் சொல்லுங்க தம்பி” என்றார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கையிலிருந்த காசைக் கொடுத்துச் சோதித்தார். வந்த தாளை நம்பினார். அந்தத் தாளைத் தப்பாகப் படித்து ஊருக்குச் சொன்னவன் நான்.

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இது பொது.

முதலாவது, பாத்திரம். அக்காவின் வீட்டில் ஒரு பழைய தகர டின் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த தேன் சில நாள் அதில் இருந்துவிட்டுத்தான் போத்தலுக்குப் போகிறது. அதை அன்றே ஒதுக்கி வைத்தார். கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக், இவை போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

இரண்டாவது, பெட்டி இருக்கும் இடம். கெலுலுட் வெகுதூரம் பறக்காது. பிசின் தேடி அலையும் இனம் அது. நல்ல பிசின் கிடைக்காதபோது பெயிண்ட், தார் போன்றவற்றையும் சுரண்டி எடுப்பதுண்டு. பழைய பேட்டரி, பெயிண்ட் டின், இரும்புக் குப்பை ஆகியவற்றைப் பெட்டியின் பக்கத்தில் குவிக்கக் கூடாது.

மூன்றாவது, சோதனைத் தாளைக் கேள்வி கேட்பது. எந்த நாளில் எடுத்த தேன், எந்தப் பாத்திரத்திலிருந்து? எந்த முறையில் அளந்தார்கள்? கண்டறியும் வரம்பு எவ்வளவு? ஆய்வுக்கூடத்துக்கு ‘சாம்’ என்கிற மலேசிய அங்கீகாரம் உண்டா? அந்த அங்கீகாரம் சோதனைவாரியாகக் கொடுக்கப்படுவது. தண்ணீரில் ஈயம் அளக்க அங்கீகாரம் பெற்ற இடம், தேனுக்கும் பெற்றிருக்கும் என்று சொல்ல முடியாது. நாம் கேட்க வேண்டும்.

நான்காவது, செலவு. நுட்பமான சோதனைக்குக் கட்டணம் அதிகம். ஒரு அக்கா தனியாகத் தாங்க முடியாது. பக்கத்தில் இன்னும் நான்கு பேர் கெலுலுட் வளர்க்கிறார்கள். ஐந்து பேருடைய தேனிலும் சம அளவு எடுத்து, ஒன்றாகக் கலந்து ஒரே சோதனை செய்யலாம். ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். நான்கு பேருடைய தேன் சுத்தம், ஒருவருடையதில் மட்டும் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் ஈயம் என்றால், கலவையில் 0.08தான் காட்டும். வரம்புக்குள் இருக்கிறது என்று எல்லாரும் கைதட்டிவிட்டுப் போவோம். ஆகவே, ஐந்து பேர் கலந்தால் வரம்பையும் ஐந்தால் வகுக்க வேண்டும். கலவையில் 0.02க்கும் குறைவாக இருந்தால், ஐந்தில் எதுவும் 0.10ஐத் தாண்டவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 0.02ஐத் தெளிவாக அளக்கக் கூடிய ஆய்வுக்கூடமாகவும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் 38ஆம் விதியும் 14ஆம் அட்டவணையும் உணவில் கலக்கும் உலோகங்களைப் பற்றியவை. கெலுலுட் தேனுக்கென்றே 2017ஆம் ஆண்டில் தனி மலேசியத் தரநிலையும் வந்தது. விதிகள் இருக்கின்றன. தோட்டத்தில் பத்துப் பெட்டி வைத்திருப்பவர் வரை அளக்கும் வசதி போய்ச் சேர வேண்டும். நம் சங்கங்களும், கூட்டுறவுக் கழகங்களும், ஆலய நிர்வாகங்களும் திருவிழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பகுதியை இப்படிப்பட்ட சோதனைக்கு ஒதுக்கினால், பல குடும்பங்களின் பிழைப்பும் நிலைக்கும், வாங்குகிறவர் வீட்டுப் பிள்ளையும் நலமாக இருக்கும்.

அக்காவும் மற்ற நால்வரும் சம்மதித்துவிட்டார்கள். தகர டின்னில் படாத தேனைப் புதுக் குப்பிகளில் எடுத்து, கலந்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் அதே நிகழ்ச்சியில் படிக்கிறேன். நல்ல முடிவாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எண்ணையும் படிப்பேன், கீழே இருக்கிற சின்ன எழுத்தையும் படிப்பேன். முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்வேன்.

தொலைபேசியை எடுத்து என்னைத் திருத்திய அந்தப் பெரியவருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன்.